ஓரின் ஹாக்லண்டின் சுத்தமான காளான் பாத்தி

நெட்டில் க்ரீக் ஊரில் அந்த வருஷம் காளான் முளைக்காத இடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது ஓரின் ஹாக்லண்டின் கொல்லைப்புறம்தான். செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரப் பள்ளத்தில் காளான், தபால் பெட்டிக் கம்பத்தடியில் காளான், மூடிப்போன மர மில்லின் வேலிக்குள் கேட்பாரில்லாமல் காளான். போகிறவன் வருகிறவன் எல்லாம் காட்டுக்குள் புகுந்து வாளி வாளியாக அள்ளிக்கொண்டு வந்தான். ராப்பகலாகக் கண்ணில் வைத்துப் பார்த்த ஓரினின் பாத்தியில் மட்டும் ஒரு குண்டூசித் தலை அளவுக்குக்கூட எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

சும்மா ஆசைக்குப் போட்ட பாத்தியாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஓரினுக்கு அந்தப் பாத்திதான் வீடு. அது முளைத்தால் வீடு தங்கும், முளைக்காவிட்டால் வீடு போகும். அப்படி ஒரு வாய்ச்சவடாலை அவரே வாயைத் திறந்து விட்டிருந்தார்.

வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலையில் பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் ஏறி, பூட்டிய மில் கேட்டுக்கு முன்னால் போய் நிறுத்தி, காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மனைவி மார்லிஸுக்கு அலுத்துவிட்டது. மகள் கிர்ஸ்டன் பாய்சியில் இருக்கிறாள். அவள் வீட்டில் தரைக்குக் கீழே ஒரு அறையைக் கார்ப்பெட் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் மார்லிஸ் பேச்சை எடுத்தாள். "போயிடலாம் ஓரின். இங்க நமக்கு யாரு இருக்கா?"

"மழையே பெய்யாத ஊருக்கா? மக வீட்டு நிலவறைல போய் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி கெடக்கவா?"

"இங்க மட்டும் என்ன வெட்டி முறிக்கிற? பூட்டின கேட்டுக்குக் காவல் காக்கிற. கேட்டு ஓடியா போயிடப் போகுது?"

சுரீரென்று பட்டது ஓரினுக்கு. "நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் வருதில்ல, அது வரைக்கும் டைம் குடு. இந்த எடத்துல நான் ஒண்ண வெளைய வெச்சுக் காட்டுறேன். காட்ட முடியலேன்னா வீட்டை விக்கிற ஏஜென்டுக்கு நானே என் கையால போன் பண்றேன். போதுமா?"

"என்னத்த வெளைய வெக்கப் போற?"

"காளான்," என்றார் ஓரின். ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே என்று சொன்னதல்ல. அதற்குக் காரணம் இருந்தது. ஒயின் நிறத்தில் தொப்பி வைத்துக்கொண்டு, தட்டுத்தட்டாக விரியும் ஒரு ஜாதிக் காளான் மரச்சில்லைத் தின்றே வளரும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். மரச்சில்லா? அவருக்குத் தெரியாத மரச்சில்லா?

பத்தொன்பது வயதில் மில்லுக்குள் போனவர் ஓரின். முதலில் அறுத்த ஈரப் பலகைகள் சங்கிலியில் ஓடி வர வர இழுத்து அடுக்குகிற வேலை. அந்தச் சங்கிலியில் சிக்கி இடதுகையில் இரண்டு விரல் போயிற்று. போன விரலுக்கு ஈடாக மில் அவரைச் சில்லு சோதிக்கிற கொட்டகையில் உட்கார வைத்தது. கதவைச் சாத்துகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். காகித ஆலைக்குப் போகிற சில்லு லாரி லாரியாக வரும். ஒவ்வொரு லாரியிலும் ஒரு வாளி அள்ளி, அடுக்குச் சல்லடையில் கொட்டிக் குலுக்குவார். பட்டை அதிகமா, தூள் அதிகமா, மண் இருக்கிறதா என்று பார்ப்பார். மண் மட்டும் ஆகவே ஆகாது. ஒரு கைப்பிடி மண் போதும், காகித ஆலையில் வெள்ளைத் தாளில் கரும்புள்ளி விழுந்துவிடும். ஓரின் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார் என்றால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கெஞ்சினாலும் கேட்கமாட்டார், அதட்டினாலும் கேட்கமாட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு லாரிக்காரர் ஒருவர் புகைபோட்ட சால்மன் மீனை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். ஓரின் அதைச் சுற்றியிருந்த காகிதம்கூடக் கலையாமல் கொண்டுபோய் அந்த லாரிக்காரர் வீட்டு வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தார். மார்லிஸுக்கு அந்த மீன் மேல் நாக்கு ஊறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

இப்படி நேர்மையாக இருந்தவனுக்கு ஊர் என்ன கொடுத்தது? ஒரு பட்டப்பெயர் கொடுத்தது. 'சல்லடை' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதிகமாகத் திரும்பிப் போன லாரி டுவைட் ப்ரூயிட்டுடையது. ஹாக்லண்ட் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. டுவைட் நிலம் திருத்துகிற இடங்களில் வேரும் வேரடி மண்ணுமாகப் போட்டு அரைத்துக்கொண்டு வருவார். திரும்பிப் போகாமல் என்ன செய்யும்? இருபது வருஷமாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் பெட்ரோல் போட வந்தால் மற்றவர் மூடிய டாங்கையே திரும்ப மூடிக்கொண்டு நிற்பார்.

ஆக, சில்லு விஷயத்தில் அந்த மாவட்டத்திலேயே தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஓரின் நினைத்ததில் தப்பே இல்லை. ஏப்ரலில் பாத்தி போட்டார். எப்படிப் போட்டார் என்கிறீர்கள்! பக்கத்து ஊர் ஆலையில் சொல்லி, பட்டை உரித்த ஆல்டர் மரத்தின் சில்லு வாங்கினார். அதையும் நம்பாமல் தன் பழைய சல்லடையில் மறுபடி சலித்தார். ஆப்பிள் மரத்து நிழலில் பலகை அடித்துத் தொட்டி மாதிரிக் கட்டினார். தரையில் தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்தார். அதன் மேல் சில்லு ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு, மறுபடி சில்லு.

மார்லிஸ் வித்து வந்த பையின் பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டே பின்கதவில் நின்றாள். "ஓரின், கீழ மண்ணு..."

"மண்ணு மேல ஏறக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு படுறேன்! சில்லைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வித்து கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைக் குப்பைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார் ஓரின்.

ஜூலையில் பார்த்தபோது பாத்தி பிரமாதமாக இருந்தது. சில்லுக்குச் சில்லு வெள்ளை நூல் ஓடிப் பின்னிப் பிடித்திருந்தது. ஒரு ஓரத்தில் கைவைத்துத் தூக்கினால் அடை மாதிரி மொத்தமாகச் சேர்ந்து வந்தது. மோந்து பார்த்தார், மழை பெய்த காட்டு வாசனை. "மார்லிஸ், கிர்ஸ்டன்கிட்ட அந்த ரூமை வேற யாருக்காவது விடச் சொல்லு," என்று கத்தினார்.

அப்புறம்தான் ஒன்றும் வரவில்லை. வெள்ளை நூல் இருக்கிறது, மழை இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது. காளான் மட்டும் இல்லை. ஓரின் விடுகிற ஆளா? ஈரம் போதவில்லை என்று ஹோஸைப் போட்டு நனைத்தார். ஈரம் அதிகமோ என்று மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். நிழல் பற்றவில்லை என்று சாக்கு கட்டினார். காற்றில்லாமல் புழுங்குகிறதோ என்று அதே சாக்கை அவிழ்த்தார். தெர்மாமீட்டரைக் குத்தி வைத்து, டாக்டர் மாதிரிக் குனிந்து குனிந்து பார்த்தார். நத்தை தின்கிறதோ என்று சாஸரில் பீர் ஊற்றி வைத்தார். நத்தை வந்து குடித்துவிட்டுச் செத்ததே தவிர, அது தின்ன அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. தட்டினால் அதிர்ச்சியில் கிளம்பும் என்று கடையில் ஒருத்தன் சொன்னதைக் கேட்டுப் பலகையால் தட்டினார். தட்டின சத்தத்துக்குத் தெருநாய் ஓடிப்போனதுதான் மிச்சம்.

இதில் எலி வேறு. அந்த ஊர் மண்ணுக்குள் மோல் என்று ஒரு குருட்டு எலி உண்டு. மண்ணைக் குடைந்து குடைந்து மேலே குவியல் குவியலாகத் தள்ளிவிட்டுப் போகும். பாத்தியின் வடக்கு மூலையில் தார்ப்பாய் மடிப்பு விலகின இடத்தில் அது பூந்து, ஈரமான கறுப்பு மண்ணைச் சில்லுக்கு மேலே கக்கி வைத்தது. ஓரினுக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து பெரிய கரண்டியை எடுத்துவந்து, மண்டியிட்டு, ஒவ்வொரு பொடியாக வழித்து எறிந்தார். மறுநாள் எலி மறுபடி தள்ளியது. இவர் மறுபடி வழித்தார்.

"எலிகூட என்னை நிம்மதியா இருக்க விடாது," என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அது சூப்புக் கரண்டி," என்றாள் மார்லிஸ்.

வித்து விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எடுத்த பெண்மணி ரொம்பத் தன்மையாகப் பேசினாள். ஈரம் எப்படி, நிழல் எப்படி, எவ்வளவு கனம் என்று விசாரித்தாள். ஓரின் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்.

"சரிங்க. மண்ணு எப்படிங்க இருக்கு?"

"மண்ணா? என் சில்லுல மண்ணா? தேடினாலும் ஒரு பொட்டு கெடைக்காதும்மா! நான் யாருன்னு தெரியுமா உனக்கு? ஆயுசு பூரா மண்ணு பார்த்தவன் நான்!"

"இல்லைங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"வித்து செத்த வித்தா அனுப்பிட்டு எங்கிட்ட மண்ணைப் பத்தி விசாரிக்கிறியா?" என்று போனை வைத்துவிட்டார். பாவம், அந்தப் பெண்மணி. ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

அக்டோபர் நடுவில் சர்ச்சில் சாப்பாடு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு வந்து நீள மேஜையில் வரிசையாக வைப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் யார் வீட்டுப் பண்டம் என்று பார்த்து எடுக்கமாட்டார்கள், மணத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பாலும் வெங்காயமும் விட்டு, மேலே மொறுமொறுவென்று ரொட்டித்தூள் போட்டு, பாத்திரம் நிறையக் காளான் இருந்தது. ஓரின் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். திரும்பி வந்து இரண்டாவது கரண்டியும் போட்டுக்கொண்டார். தடித்த காம்பு, நல்ல கடி. எந்தக் காட்டில் பறித்தது இது?

மேஜைக்கு அந்தப் பக்கம் டுவைட்டின் மனைவி லோர்னா நின்றிருந்தாள். மனசு நல்ல மனசு, வாய் நிற்காது. "காட்டுலயா? எங்க வீட்டுப் பின்னாலதான் ஓரின். மார்லிஸ் குடுத்தாளே அந்த வித்து, அதைச் சும்மா குப்பைமேட்டுல தூவினேன். ஐயோ, பறிச்சு மாளல போ!"

ஓரினின் வாயில் இருந்த காளான் அப்படியே நின்றது. துப்பவும் முடியாது, சர்ச். விழுங்கவும் மனசு வரவில்லை, டுவைட் வீட்டுக் காளான். விழுங்கினார்.

என்ன அநியாயம் பாருங்கள்! பாடு படுகிறவன் ஒருத்தன், தூவிவிட்டுப் போனவளுக்குப் பாத்திரம் நிறைய விருந்து. அவர் வித்து! அவர் குப்பைத் தொட்டியிலிருந்து, அவர் மனைவி கையால், அவர் முகத்தில் முழிக்காதவன் வீட்டுக்கு! சாப்பாடு முடிகிற வரைக்கும்கூட ஓரினால் உட்கார முடியவில்லை. மார்லிஸை அங்கேயே விட்டுவிட்டு நேரே டுவைட் வீட்டு வேலிக்குப் போய் நின்றார்.

அதைப் பாத்தி என்று சொன்னால் பாத்திக்கே கேவலம். ரோடு போடுகிறவர்கள் மரம் வெட்டி அரைத்துக் கொட்டிவிட்டுப் போன குவியல். பட்டை, இலை, சுள்ளி, வேர், கல், ஒரு பழைய கையுறை. அதன் மேல் டுவைட் வாய்க்கால் தூர்வாரின சேற்றை வேறு வாரி எறிந்திருந்தார். அந்தச் சேற்றைப் பிளந்துகொண்டு, கொத்துக் கொத்தாக, சிவப்புத் தொப்பியும் வெள்ளைக் காம்புமாகக் காளான்கள் நின்றன. சில தொப்பிகள் தலையில் மண்கட்டியைத் தூக்கிக்கொண்டே எழுந்திருந்தன.

டுவைட் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்தார். பேச்சு நின்று இருபது வருஷமானாலும் கிண்டலுக்கு மட்டும் துரு ஏறவில்லை. "அடேயப்பா! சல்லடை நம்ம வீட்டு வேலிக்கு வந்திருக்கு. என்னய்யா, சோதனை போடவா? வாளி கொண்டு வரட்டுமா?"

"இதுல பாதிக்கு மேல மண்ணு," என்றார் ஓரின். அவரையறியாமல் வந்துவிட்டது.

"ஆமா. அதைத்தான் நீ வருஷக்கணக்கா சொல்லி என் பொழப்புல போட்ட."

"காகிதத்துக்கு மண்ணு ஆகாது. இன்னிக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

"காகிதத்தை யாரு கேட்டா இப்ப? காளானைப் பாருய்யா. அதுக்கு என் சில்லு புடிச்சிருக்கு," என்று டுவைட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

ஓரின் வேலிக்கு மேலே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். கட்டைவிரலால் தேய்த்தார். சில்லில் ஓடின வெள்ளை நூல் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. சேறு தொட்ட இடத்தில்தான் குண்டுமணி அளவுக்குக் குட்டிக் குட்டியாகக் காளான் மொட்டுக் கட்டியிருந்தது. சில்லு மட்டும் இருந்த இடத்தில் நூல் வெறும் நூலாகவே கிடந்தது. வடக்கு மூலையில் எலி தள்ளிய மண், தான் கரண்டியால் வழித்த மண், போனில் கேட்ட பெண்மணி, கதவில் நின்ற மார்லிஸ் எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழுந்தன.

வீட்டுக்குப் போனால், மார்லிஸ் யாருடைய காரிலோ வந்து இறங்கி, கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்!" என்று ஆரம்பித்தார் ஓரின். "மண்ணு வேணும்னு உனக்குத் தெரியும். லோர்னாவுக்கு வித்தும் குடுத்து, வழியும் சொல்லிக் குடுத்து, எனக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்த! பாய்சிக்குப் போகணும்னு தானே? நான் தோக்கணும்னு தானே?"

மார்லிஸ் கோட்டை ஆணியில் மாட்டினாள். திரும்பினாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று ஓரினுக்கு இதுவரை தெரியாது.

"ஏப்ரல்லயே சொன்னேன். அந்தக் கதவுல நின்னு சொன்னேன். முடிக்க விட்டியா? ஒருத்தி ஒரு தடவைதான் சொல்லுவா ஓரின். ரெண்டாவது தடவை சொல்ல நான் என்ன உன் லாரிக்காரனா?"

"நீ அழுத்திச் சொல்லியிருக்கணும்!"

"அழுத்தியா? நீ அழுத்திச் சொன்னதுக்கெல்லாம் பதில் சொன்னது நான்! இந்த ஊருல எந்த வீட்டு லாரியை நீ திருப்பி அனுப்பல? நீ கொட்டகைக்குள்ள உக்காந்துட்ட. கடைல, சர்ச்சுல, முடி வெட்டுற எடத்துல அந்த லாரிக்காரங்க பொண்டாட்டிங்க பக்கத்துல போய் உக்காந்தது யாரு? நான் உள்ள போனா பேச்சு நின்னு போகும். தெரியுமா உனக்கு? என் பிரசவத்துக்குக்கூட இந்தத் தெருவுலேருந்து ஒரு குழம்புச் சட்டி வரல!"

"நான் ஒரு லாரியைக்கூடத் தப்பாத் திருப்பி அனுப்பல."

"அனுப்பல. சரியாத்தான் அனுப்பின. அந்தச் சரியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? லோர்னா ஒருத்திதான் எங்கிட்டப் பேசுறா. அதுவும் புருஷனுக்குத் தெரியாம. அவளுக்கு ஒரு கைப்பிடி வித்து குடுத்தது உனக்குப் பொறுக்கல!"

கதவை அறைந்து சாத்தவில்லை அவள். அதுதான் இன்னும் மோசம். அமைதியாக மாடிக்குப் போய்விட்டாள். ஓரின் சமையலறையில் நின்றார். கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் என்று இப்போது பிடிபடவில்லை. தான் சரியாக இருந்ததற்காக இந்த வீட்டில் ஒருத்தி தண்டனை அனுபவித்திருக்கிறாள், தன்னிடம் ஒருவரும் அதைச் சொல்லவில்லையே என்று மனசு கொதித்தது. கொதித்துக்கொண்டே இருக்கையில், அவள் சொன்னாளே, முடிக்க விட்டியா என்று, அதுவும் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் மில் கேட்டுக்குப் போகவில்லை. டுவைட் வீட்டுக்குப் போனார். இந்த முறை வேலியோடு நிற்காமல் வாசற்கதவைத் தட்டினார்.

"எனக்கு ஒரு வண்டி சில்லு வேணும்," என்றார். "அந்தச் சேத்தோட."

டுவைட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காது சரியாக் கேக்கல. என்ன வேணும்?"

"சேத்தோட! கேலி பண்ணணும்னா பண்ணிக்கோ, எனக்கு வேணும். தேங்க்ஸ்கிவிங்குக்குள்ள ஒண்ணாவது மொளைக்கலேன்னா வீட்டை வித்துட்டுப் பாய்சிக்குப் போறோம்."

டுவைட்டின் சிரிப்பு அடங்கியது. "பாய்சிக்கா? லோர்னா சொல்லவே இல்லையே. மார்லிஸும் போறாளா?"

"பின்ன அவ இல்லாம நான் மட்டுமா?"

மத்தியானமே டுவைட்டின் வண்டி பின்புறமாக வந்து ஆப்பிள் மரத்தடியில் நின்றது. பின்பலகையை அவிழ்க்கும் முன் டுவைட் ஒரு வாளி சில்லை அள்ளி ஓரினிடம் நீட்டினார். வேண்டுமென்றே செய்ததுதான். ஓரின் பழக்கதோஷத்தில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தார். கறுப்புச் சேறு கட்டைவிரலில் அப்பியது. வேர், பட்டை, கல். இவ்வளவு மட்டமான சில்லை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

"கொட்டு," என்றார்.

டுவைட் அசையவில்லை. "இன்னொரு தடவை சொல்லுய்யா."

"காது மந்தமா உனக்கு? கொட்டுன்னேன்! கொட்டித் தொலை!"

டுவைட் கொட்டினார். கொட்டிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் ஓரின் நினைத்தார். அவரோ ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, பாத்தியின் ஓரத்தைத் தூக்கி, தார்ப்பாயைக் கிழிக்க ஆரம்பித்தார். "இரட்டைத் தார்ப்பாய்! ஏன்யா, இது பாத்தியா, சவப்பெட்டியா?" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே கிழித்தார். "வாயை மூடிட்டுக் கிழி," என்று ஓரினும் திட்டினார். வெள்ளை நூல் பிடித்த சில்லைக் கட்டிகட்டியாக எடுத்து மண்ணில் வைத்து, மேலே சேற்றை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். லோர்னா பின்வழியாக வந்து மார்லிஸோடு சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வேலை முடிந்து வெகுநேரமான பிறகும் உள்ளே பேச்சு முடியவில்லை.

அதற்கப்புறம் டுவைட் தினமும் வந்தார். பாத்தியைப் பார்க்க வருகிறேன் என்பார். பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அப்படியே உட்கார்ந்து எந்த வருஷம் எந்த லாரி ஏன் திரும்பியது என்று சண்டை பிடிப்பார். ஓரின் ஒன்றுக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். காப்பி தீர்ந்து இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.

ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தது. நவம்பரில் குளிர் இறுகியது. வெள்ளை நூல் மண்ணுக்குள் இறங்கியது உண்மைதான், ஓரின் தோண்டிப் பார்த்தார். வசந்தத்தில் வரும், நிச்சயம் வரும் என்று டுவைட் சத்தியம் பண்ணினார். வசந்தம் யாருக்கு வேண்டும்? வாக்கு தேங்க்ஸ்கிவிங் வரைக்கும்தானே. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பாத்தி மேல் வெள்ளையாக உறைபனி விழுந்திருந்தது. ஓரின் நின்று பார்த்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதனால் உறைபனியைத் திட்டினார், அந்த எலியைத் திட்டினார், கடைசியில் தன்னையும் திட்டிக்கொண்டு உள்ளே போய்க் கையைக் கழுவினார்.

மார்லிஸ் பூசணிக்காயை உள்ளே வைத்துச் சுடுகிற பண்டத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓரின் சுவரில் இருந்த போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"வீடு விக்கிற பொண்ணுக்கு. ஒண்ணும் மொளைக்கல. இனிமே மொளைக்காது. சொன்னா சொன்னதுதான், நான் பின்வாங்கல."

மார்லிஸ் மாவுக் கையோடு வந்து போனைப் பிடுங்கி மாட்டினாள். "உனக்குப் புத்தி இருக்கா? வியாழக்கிழமை டுவைட்டும் லோர்னாவும் சாப்பிட வர்றாங்க. அவ தங்கச்சி குடும்பமும் வருது. வான்கோழிய வறுப்பேனா, வீடு பார்க்க வர்றவனுக்குக் கக்கூஸைக் கழுவிட்டு நிப்பேனா?"

"காளான் வரலையே மார்லிஸ்."

"காளானா? நான் எப்ப உங்கிட்டக் காளான் கேட்டேன்?" என்றாள் அவள். "நீயா ஆரம்பிச்ச, நீயா சபதம் போட்ட. போ, கார் ஷெட்டுல ஆளு அதிகமா வந்தா நம்ம சாப்பாட்டு மேஜைய நீட்டிப் போடுற நடுப்பலகை கெடக்கு. கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கித் தந்தது. இத்தனை வருஷமா அதை மாட்டவே வேண்டி வரல. எடுத்துட்டு வா. தூசி தட்டிட்டுக் கொண்டு வா."